ஓடு, ஆனால் தூக்குவதை விட்டுவிடாதே

அன்புள்ள கண்ணம்மா,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஓட்டப் போட்டிக்கான பயிற்சியில் 14 கிலோமீட்டர் ஓடி முடித்த களைப்பே தெரியவில்லை, முகத்தில் அவ்வளவு வெளிச்சம். ஆனால் அன்று ராத்திரி போனில் நீ கேட்டதுதான் இன்னும் மனசில் நிற்கிறது. "கை ரெண்டும் வத்திப்போச்சும்மா. தோள்ல 70 கிலோ வச்சு உட்கார்ந்து எழுந்திரிச்சு ஸ்குவாட் போட்டுட்டு இருந்தேன், இப்ப 60-லயே திணறுது. ஓட்டம் என் தசையைத் தின்னுடுச்சு. பேசாம விட்டுடவா?" என்றாய். அவசரப்படாதே என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன். இது போனில் பேசித் தீர்கிற விஷயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு நான் முழுசாகச் சொல்லாத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். எனக்கு 44 வயதில் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையைத் தொட்டு நின்றது. அதுவரை வாரம் மூன்று நாள் ஜிம்முக்குப் போய் எடை தூக்கிக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்த பயத்தில் அதை அப்படியே நிறுத்திவிட்டு தினமும் ஒரு மணி நேரம் ஓட ஆரம்பித்தேன். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினேன். எட்டு மாதத்தில் 68 கிலோவிலிருந்து 57-க்கு வந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒருநாள் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை, ஆனால் தானாக எழுந்திருக்க முடியவில்லை. நான் குனிந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். ஒரு சாண் உயரம் வந்திருப்பார். என் தொடை நடுங்கியது, விரல்கள் நழுவின. இரண்டு பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். மறுபடி முயன்றேன், மறுபடியும் அதே சாண் உயரம்தான். "விடும்மா, உன்னால முடியல" என்றார் பாட்டி. யாராவது வரும்வரை இருபது நிமிடம் அந்தத் தரையிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டியின் எடை அப்போது 48 கிலோ. அன்று காலையில்தான் நான் நிற்காமல் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்திருந்தேன்.

குறைந்த 11 கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. எடை பார்க்கும் மெஷின் அதைச் சொல்லவும் சொல்லாது. அந்த இருபது நிமிடத்துக்கு அப்புறம்தான் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன், கேட்டேன், என் உடம்பிலேயே செய்து பார்த்தேன்.

"ஓட்டம் தசையைத் தின்னும்" என்ற பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. ராபர்ட் ஹிக்சன் என்பவர் எடை தூக்கிப் பழகியவர். ஜான் ஹாலோசி என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து அவரோடு ஓட ஆரம்பித்ததும், தன் தசையும் பலமும் குறைவதைக் கவனித்தார். அதைச் சும்மா விடாமல் சோதித்துப் பார்த்து 1980-ல் வெளியிட்டார். பத்து வாரம், மூன்று குழுக்கள். ஒரு குழு எடை மட்டும், ஒன்று ஓட்டமும் சைக்கிளும் மட்டும், மூன்றாவது குழு இரண்டும் சேர்த்து. இரண்டும் செய்தவர்களின் கால் பலம் ஏறத்தாழ ஏழாவது வாரம்வரை எடை மட்டும் தூக்கியவர்களைப் போலவே ஏறியது. அதன் பிறகு நின்றது, கடைசி இரண்டு வாரத்தில் இறங்கியது. எடை மட்டும் தூக்கியவர்களுக்கு ஏறிக்கொண்டே போனது.

இதைக் கேட்டுத்தான் பலர் பயப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார். வாரம் ஐந்து நாள் காலுக்கு எடை. அதோடு வாரம் ஆறு நாள், ஒவ்வொரு நாளும் 40 நிமிடம், முடிந்தமட்டும் வேகமாக ஓட்டமோ சைக்கிளோ. அந்தக் கால்களுக்கு ஓய்வு எப்போது கிடைத்திருக்கும்? அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், அளவோடு செய்தால் தசையின் பருமனும் பலமும் பெரிதாகக் கெடுவதில்லை என்றே சொல்கிறார்கள். கொஞ்சம் அடிபடுவது வெடித்துக் கிளம்பும் வேகம்தான், குதிப்பது, சட்டென்று பாய்வது மாதிரி. அதுவும் இரண்டையும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்துச் செய்தால்தான் அதிகம்.

சரி, அப்படியானால் உனக்கு ஏன் குறைந்தது? நீ சொன்ன வாரத்தை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஐந்து நாள் ஓட்டம். எடை "நேரம் கிடைச்சா", அதுவும் ஓடி முடித்துக் கால் தளர்ந்த பிறகு. எடையைக் குறைத்து ரெப்ஸை, அதாவது நிறுத்தாமல் தூக்கும் எண்ணிக்கையை, கூட்டியிருக்கிறாய். ஓட்டத்துக்கு உடம்பு லேசாக இருக்கட்டும் என்று சாப்பாட்டையும் குறைத்திருக்கிறாய். கண்ணு, இதில் ஓட்டத்தின் குற்றம் ரொம்பக் குறைவு. நான் செய்த அதே தப்பைத்தான் நீயும் செய்துகொண்டிருக்கிறாய்.

தசை என்பது உடம்புக்குச் செலவு வைக்கிற பொருள். வேலை இருக்கிறது என்று தெரிந்தால் வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் விட்டுவிடும். வேலை இருக்கிறது என்று அதற்கு நன்றாகத் தெரிவது கனமான எடை மேலே ஏறும்போது. லேசான எடையைக் கஷ்டமே வராமல் தூக்கி வைத்துவிட்டால் தசைக்கும் எதுவும் உறைக்காது. அதனால் ஓட்டப் பயிற்சி நடக்கும் இந்த மாதங்களில் செட்டை, அதாவது ரெப்ஸ் போடும் சுற்றுகளை, குறைத்துக்கொள், நாளைக் குறைத்துக்கொள், எடையை மட்டும் குறைக்காதே. கடைசி ரெப் முடியும்போது இன்னும் ஒன்றிரண்டுதான் போட முடியும் என்ற நிலை வரவேண்டும்.

குறைத்தால் போய்விடாதா என்று கேட்பாய். 2011-ல் வந்த ஒரு ஆய்வு எனக்கு இதில் பெரிய தைரியம் கொடுத்தது. 16 வாரம் வாரத்துக்கு மூன்று நாள் எடை தூக்கியவர்களை, அடுத்த 32 வாரத்துக்கு வேலையைக் குறைக்கச் சொன்னார்கள். ஒன்பதில் ஒரு பங்காக, அதாவது வாரத்தில் ஒரே நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே செட் என்று குறைத்தபோதுகூட, இளவயதுக்காரர்களுக்குத் தசை நின்றது. அவர்கள் எடையை மட்டும் இறக்கவில்லை. 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பலம் நின்றது, ஆனால் பருமன் அந்த அளவில் நிற்கவில்லை. அதனால்தான் 56 வயதில் நான் வாரம் இரண்டு நாளுக்குக் கீழே இறங்குவதில்லை. உனக்கு 27. வாரம் இரண்டு நாள் ஒழுங்காகத் தூக்கினால் இருப்பதை வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் கூட்டவும் செய்யலாம்.

எதை முதலில் செய்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய நேர்ந்தால் எடைதான் முதலில். ஓடிக் களைத்த கால்களோடு எடை மாட்டிய கம்பியை, அந்தப் பாரை, முதுகில் ஏற்றாதே, பலம் போவதைவிட முதுகு போவது பெரிய நஷ்டம். முடிந்தால் நடுவில் ஆறு மணி நேரமாவது இடைவெளி விடு, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று. வேறு வேறு நாளாக இருந்தால் இன்னும் நல்லது. நான் செய்வது இதுதான்: கால் எடையும் வேகமான ஓட்டமும் ஒரே நாளில் வருமாறு வைத்துக்கொள்வேன், காலையில் ஸ்குவாட், சாயங்காலம் இன்டர்வெல், அதாவது நடுநடுவே இளைப்பாறி இளைப்பாறி வேகமாக ஓடுவது. அடுத்த நாள் கால்களைத் தொடமாட்டேன். கஷ்டமான நாள் முழுசாகக் கஷ்டம், லேசான நாள் முழுசாக லேசு. தினமும் பாதிக் கஷ்டம் என்று இழுத்தால் எதற்கும் தேறமாட்டோம்.

அந்த லேசான ஓட்டம்தான் உனக்கு வராது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே நீ எதையும் மெதுவாகச் செய்ததில்லை. வாட்ச்சில் வேகத்தைப் பார்க்காதே, வாயைப் பார். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு அறுபடாமல் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். நாலைந்து சொல்லுக்கே மூச்சு வாங்கினால் அது லேசான ஓட்டம் இல்லை, வேகத்தைக் குறை. உன் வாரத்தில் பெரும்பகுதி இப்படிப் பேசிக்கொண்டே ஓடுவதாக இருக்கட்டும். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டியது பெரும்பாலும் இதிலேயே கிடைத்துவிடும், கால்களில் ஸ்குவாட் நாளுக்குத் தெம்பும் மிச்சம் இருக்கும். முட்டி வலித்தால் ஒரு ஓட்டத்தை எடுத்துவிட்டு சைக்கிள் போட்டுக்கொள். ஓடும்போது தரையில் ஒவ்வொரு முறை இறங்குவதும் தசைக்கு ஒரு சின்ன அடி, சைக்கிளில் அது இல்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கவலை அதிகம்.

புரோட்டீன் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் என்ற கணக்கை வைத்துக்கொள். உன் 60 கிலோவுக்கு 96 கிராம் வரும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் நீ எவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறாய் என்று தெரியும். எல்லாவற்றையும் ராத்திரிக்கு ஒதுக்காமல் மூன்று நாலு வேளையாகப் பிரித்துக்கொள். மாவுச்சத்தைப் பகையாளியாக நினைக்காதே, நீண்ட ஓட்டத்துக்கும் கனமான செட்டுக்கும் அதுதான் எரிபொருள். இன்னும் எடை குறைய வேண்டும் என்று நீ பிடிவாதமாக இருந்தால், மெதுவாகக் குறை. வாரத்துக்கு உடல் எடையில் 0.7 சதவீதம், அதாவது உனக்கு 400 கிராம் சுமார். விளையாட்டு வீரர்களிடம் பார்த்ததில் இந்த வேகத்தில் இறங்கியவர்கள் எடை தூக்கிக்கொண்டே தசையைக் கூட்டவும் செய்தார்கள். இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், இந்தப் போட்டி முடியும்வரை எடையைக் குறைக்கும் பேச்சே வேண்டாம். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் உடம்பிடம் கேட்காதே.

தூக்கத்தையும் இதில்தான் சேர்க்கிறேன். 2010-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஒரே அளவு குறைவாகச் சாப்பிட்டவர்களில், எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்தபோது கொழுப்பு அதிகம் போனது. ஐந்தரை மணி நேரமாகக் குறைத்தபோது குறைந்த எடையில் பெரும்பகுதி கொழுப்பாக இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எனக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு ஐந்து மணிக்கு ஓடப் போகிறாயே, அந்த ஓட்டத்தை விட்டுவிட்டுத் தூங்கினால்கூட உனக்கு லாபம்தான்.

இன்னொன்று. அம்மா என்பதால் நேராகவே கேட்கிறேன். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? தள்ளிப்போனாலோ நின்றாலோ, "நிறைய ஓடுறேன், அதான்" என்று ஒதுக்கிவிடாதே. செலவுக்கு ஏற்ற வரவு இல்லை என்று உடம்பு அப்படித்தான் சொல்லும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014-ல் இதற்குத் தனிப்பெயர் வைத்து எச்சரித்தது. தசை மட்டும் இல்லை, எலும்பும் சேர்ந்து மெலியும், பாதத்தில் விரிசல் விடும். அப்படி ஏதாவது இருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பார். எனக்கும் அன்றே போன் செய்.

கை வற்றியது என்கிறாயே, அதில் கொஞ்சம் கண் ஏமாற்றுவதும் உண்டு. மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவில் தசைக்குள் சேர்த்து வைக்கும், அதில் ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நீ குறைவாகச் சாப்பிட்டு நிறைய ஓடும்போது அந்தக் கையிருப்பு காலியாகும், தண்ணீரும் போகும், தசை தட்டையாகத் தெரியும். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டால் பாதி திரும்பி வந்துவிடும். ஆனால் ஸ்குவாட் 70-லிருந்து 60-க்கு வந்ததைக் கண்ணாடி சொல்லவில்லை, உன் நோட்டு சொல்கிறது. கண்ணாடியை நம்பாதே, நோட்டை நம்பு. பாரில் ஏற்றிய எடை, செட், ரெப்ஸ், மூன்றையும் ஒவ்வொரு முறையும் எழுது. மூன்று வாரம் தொடர்ந்து இறங்கினால் ஏதோ ஒன்றைக் குறைக்க வேண்டும். அநேகமாக அது ஓட்டத்தின் வேகமாக இருக்கும், அல்லது தூங்காத ராத்திரியாக இருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஓட்டத்தை விடு என்று சொல்வேன் என்று நினைக்காதே. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதில் இரண்டும் உண்டு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் உடற்பயிற்சி, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று அவர்கள் எழுதவில்லை. என் சர்க்கரை இறங்கியதில் ஓட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதை நான் மறக்கமாட்டேன். ஓடத் தொடங்கிய பிறகு செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே மூச்சு திரும்புகிற நேரமே குறைந்துவிட்டது, கனமான செட்டைச் சீக்கிரமே தொடங்க முடிந்தது.

பாட்டி விழுந்த அடுத்த வாரமே நான் ஜிம்முக்குத் திரும்பினேன். முதல் நாள், தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் 30 கிலோ, அதற்கே கை நடுங்கியது. இரண்டு வருடம் போனது. கடைசி நாட்களில் பாட்டி படுத்துவிட்டபோது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நான்தான் தூக்கி உட்காரவைத்தேன். லீவுக்கு வந்திருந்த நீ கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். நினைவிருக்கிறதா?

போட்டிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. ஓட்டத்தை ஐந்திலிருந்து நான்கு நாளாக்கு, ஒன்று நீண்டது, ஒன்று வேகம், இரண்டு பேசிக்கொண்டே ஓடுவது. வேகமான ஓட்டமும் கால் எடையும் புதன்கிழமை, மற்ற எடைகள் சனிக்கிழமை. முதல் இரண்டு வாரம் 60 கிலோவிலேயே நில், அப்புறம் வாரத்துக்கு இரண்டரை கிலோ ஏற்றிப் பார். போட்டிக்கு முந்தைய வாரம் மட்டும் கால் எடையைத் தொடாதே. புதன்கிழமை ஸ்குவாட் முடிந்ததும் எண்ணை எனக்கு அனுப்பு. கிலோமீட்டரை அப்புறம் சொல்லலாம்.

அன்புடன்,
அம்மா