மாமியின் தகரப்பெட்டி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சான்,

உன்னுடைய இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாமல் இருந்தது என் பிழைதான், கோபிக்காதே. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது குறைவு.

போன செவ்வாய்க்கிழமை அக்காவின் கொலுசை ஒட்டக் கொடுக்க டவுனில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவர் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து ஒன்பது காசுகளைக் கண்ணாடி மேசையில் கொட்டினார். விக்டோரியா மகாராணி ரூபா மூன்று, நடுவில் பனை நிற்கும் பழைய ஐம்பது சதம் ஐந்து, 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபா ஒன்று. கடைக்காரர் அத்தனையையும் ஒரே தட்டில் அள்ளிப் போட்டார். தராசு 92 கிராமுக்குக் கொஞ்சம் குறையக் காட்டியது. மொத்தத்துக்கும் ஒரே விலை சொன்னார். உருக்கத்தானாம்!

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது மச்சான். அந்த ரூபா ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. ஐம்பது சதத்தில் 1917 வரைக்கும் 80 பங்கு, 1919இலிருந்து 55 பங்குதான். 1957 காசு 28 கிராம் சொச்சம், 92.5 பங்கு. இவற்றுக்கெல்லாம் எப்படி ஒரே விலை வரும்? அம்மாவை வெளியே கூப்பிட்டு வாசற்படியில் இருத்தி, ஒவ்வொன்றாகக் கணக்குச் சொன்னேன். பேத்தியின் படிப்புச் செலவுக்குக் காசு வேண்டுமாம். கடை சொன்னதைவிடக் கூடக் கொடுத்து நானே வாங்கிவிட்டேன். 1957 காசை மட்டும் திரும்ப அவர் கையிலேயே வைத்து, அவசரப்பட்டு விற்க வேண்டாம் என்றேன். 5 லட்சம் அடித்ததில் பாதிக்கு மேல் அந்தக் காலத்திலேயே உருக்கிவிட்டார்கள். மிஞ்சியதையும் நாம் உருக்கினால் மறுகா எங்கே தேடுவது?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மகளுக்கு வெள்ளிக்காசு வாங்கி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கு, ஆனால் பாலத்தடியில் நண்டு வாங்கிய மாதிரி நிறுத்துப் பார்க்காமல் வாங்காதே! காசுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று வெள்ளியின் விலை, மற்றது காசின் விலை. வெள்ளி துள்ளும்போது விற்பவன் அன்றைய விலைக்கு மேலேயும் ஏற்றிச் சொல்வான். வெள்ளி விழுந்தால் சாதாரணக் காசு அதோடு சேர்ந்து விழும். 2011 ஏப்ரலில் ஒரு அவுன்ஸ் 50 டொலரைத் தொடப் போய், மே முதல் கிழமையிலேயே 35 வரை இறங்கியது. திரும்ப அந்த உயரத்தைத் தாண்ட 2025 ஒக்டோபர் ஆகிவிட்டது. உச்சத்தில் வாங்கினவன் பதினாலு வருடம் காத்திருந்தான். நமக்கு டொலர் வேறு. 2022இல் நமது ரூபா சரிந்தபோது, உலகத்தில் வெள்ளி அசையாத நாளிலும் இங்கே விலை ஏறியது. அதனால் மொத்தக் காசையும் ஒரே நாளில் போடாதே. மாதத்துக்கு ஒன்று, இரண்டு வாங்கு. கிராம் தராசு இல்லாமல் வாங்கவே வாங்காதே. விக்டோரியா ரூபா 11.66 கிராம். தேய்ந்தது கொஞ்சம் குறையலாம், ஒரு கிராம் குறைந்தால் வைத்துவிட்டு வா. காந்தத்தில் ஒட்டினால் பேச்சே வேண்டாம்.

அப்புறம், மாமியின் தகரப்பெட்டி. அதில் வெள்ளிக்காசு கிடக்கிறது என்று நீதான் ஒருமுறை சொன்னாய். வீடு வெள்ளையடிக்கிற சாட்டில் அதை எடுத்து யாரும் கடைக்குக் கொண்டுபோய்விடப் போகிறார்கள், அந்தப் பயம்தான் செவ்வாயிலிருந்து எனக்கு. கறுத்துப்போய் இருந்தாலும் புளி போட்டு மினுக்க விடாதே. மினுக்கிய காசை, பழங்காசு சேர்ப்பவர்கள் தூரத்திலேயே கண்டுபிடிப்பார்கள், பாதி விலைக்கும் கேட்கமாட்டார்கள். மாமியிடம் சொல்லி, கிடக்கிறபடியே துணியில் சுற்றி வை. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. தராசும் பூதக்கண்ணாடியும் என்னிடம் இருக்கின்றன. முற்றத்தில் பாயை விரித்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இப்படிக்கு,
உன் மச்சான்