தொப்புள்கொடி ரத்தமும் நரம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து நரம்பு அணுக்கள் என்ற உங்கள் செய்தியை, பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். நல்ல கையால் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நான் யாங்கோனில் 30 ஆண்டுகள் பிரசவம் பார்த்தவள். அந்த ரத்தத்தை நஞ்சுக்கொடியோடு சேர்த்துப் புதைத்துவிடுவோம். காய்ந்து விழும் கொடித் துண்டை மட்டும் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டுவோம். தொப்புள்கொடி ரத்தத்தில் மூல அணுக்கள், அதாவது வேறு வகை அணுக்களாக வளரக்கூடிய அணுக்கள், இருப்பது உண்மை. 1988இல் பாரிஸில் ஒரு சிறுவனின் ரத்த நோய்க்குக் கொடி ரத்தத்தை முதன்முதலில் செலுத்தினார்கள், பிழைத்தான். நரம்பு விஷயம் வேறு. ஆய்வுக்கூடத் தட்டில், வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலமும், நரம்பை வளரத் தூண்டும் புரதமான நரம்பு வளர்ச்சிக் காரணியும் சேர்த்து அந்த ரத்த அணுக்களை வளர்த்தால், சில அணுக்கள் நீளமாகக் கிளைவிட்டு நரம்புக்குரிய புரதங்களைக் காட்டுகின்றன. சரி, தட்டில் நரம்பு போலத் தெரிவதும், செத்துப்போன மூளைப் பகுதியில் வேலை செய்வதும் ஒன்றா?

கர்ப்பிணியான என் மகளிடம் ஒரு தரகர், "பிள்ளையின் கொடி ரத்தத்தைச் சேமித்து வையுங்கள், அப்பா எழுந்து நடப்பார்" என்று பணம் கேட்டிருக்கிறார். அவளும் வளையலைக் கழற்றிவிட்டாள். நான்தான் தடுத்தேன்.

அடுத்த முறை, இது ஆய்வுக்கூடத்தில் நடந்தது என்பதைத் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள், ஐயா.

ஓய்வுபெற்ற மருத்துவச்சி,
யாங்கோன்