ஜெர்மனிக்கு வரும் நர்ஸ்கள் கையெழுத்துப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியில் நர்ஸ் வேலை பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தியத் திறன் பணியாளர்களுக்கான வீசாவை ஆண்டுக்கு 20,000லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மன் அரசு 2024இல் அறிவித்ததில் தொடங்கி, மொழித் தேர்வு, சம்பளம் எல்லாம் எழுதியிருந்தீர்கள். தவறாக ஒன்றும் இல்லை. ஆனால் கட்டுரை விமானம் ஏறுவதோடு நின்றுவிட்டது. நான் டோர்ட்முண்ட் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே வர நினைக்கும் பெண்கள் வாட்ஸ்அப்பில் என்னைக் கேட்பதெல்லாம் "கையில எவ்வளவு வரும் அக்கா?" என்பதுதான். எங்கே தங்க வைப்பார்கள், நம் நர்சிங் படிப்பை இங்கே ஏற்பதற்கான அங்கீகாரத் தேர்வில் தோற்றால் என்ன ஆகும், பாதியில் விட்டால் யாருக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. இவற்றைக் கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் வீடு. ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடிபுகுந்தால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்கு, 'இவர் என் வீட்டில் குடிவந்திருக்கிறார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனித் தாள் ஒன்று வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் மட்டும் போதாது. முகவரியைப் பதிந்த பிறகுதான் 11 இலக்க வரி எண் வரும், அதுவும் தபாலில். வரவில்லையே என்று இணையத்தில் மறுபடி விண்ணப்பித்தாலும் பதில் தபாலில்தான் வரும். போனில் சொல்ல மாட்டார்கள், மெயிலிலும் அனுப்ப மாட்டார்கள். இவ்வளவு முன்னேறிய நாடு கடிதத்தின் மீது வைத்திருக்கும் நம்பிக்கையை இன்னும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

எங்களை அழைத்துவந்த ஏஜென்சி நான்கு பேரை ஒரே ஃப்ளாட்டில் தங்க வைத்தது. இங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீட்டுக்கு வீடு கதவு எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அவ்வளவுதான். தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதம் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். எங்கள் பெட்டியில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்களின் பெயர்களே இருந்தன. யாரும் எங்களிடம் சொல்லவில்லை. வரி எண் வராததால், இருக்கும் ஆறு வரி வகுப்புகளில் மிக அதிகமாகப் பிடிக்கும் ஆறாவது வகுப்பில் என் முதல் சம்பளத்தைப் போட்டுவிட்டார்கள். பிறகு கணக்கைச் சரிசெய்து மீதியைத் தந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் முதல் சம்பளத்திலிருந்து அனுப்புகிறேன் என்று கடன்காரரிடம் சொல்லிவிட்டு வந்தவளுக்கு 'பிறகு' என்பது சின்ன விஷயம் இல்லை.

வழி காட்டியது பக்கத்து வார்டில் வேலை செய்யும் ஈழத் தமிழ் அக்கா ஒருவர். எண்பதுகளில் அகதியாக வந்த குடும்பம். நான் அழாத குறையாக நின்றதைப் பார்த்து, "பிள்ளை, முதல்ல பெட்டியில பேரை ஒட்டுங்கோ. மற்றதெல்லாம் பிறகு பாப்பம்" என்றார். கையோடு அவரே வந்து ஒட்டிவிட்டும் போனார். எந்தப் பெயரை ஒட்டுவது என்பதே அடுத்த கேள்வியாக இருந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் இருப்பது என் அப்பா பெயர். அதனால் இங்கே எல்லா அலுவலகங்களுக்கும் நான் அப்பா பெயர்தான். வார்டில் டாக்டர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஆரம்பத்தில் எனக்குத் திரும்பிப் பார்க்கவே தோன்றாது. அந்த இடத்தைக் காலியாக விட்டு வந்த தோழியின் பாடு இன்னும் மோசம். ஒவ்வொரு அலுவலகமும் அவள் பெயரை ஒவ்வொரு விதமாக எழுதிவைத்திருக்கிறது. பாஸ்போர்ட் எடுக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அங்கீகாரம். நாலு வருடம் பி.எஸ்சி. நர்சிங் படித்து, ஐசியூவில் வேலை பார்த்துவிட்டு வந்தாலும் இறங்கிய அன்று இங்கே நாம் நர்ஸ் இல்லை, உதவியாளர். சம்பளமும் உதவியாளர் சம்பளம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் தொகை அங்கீகாரம் கிடைத்த பிறகு வருவது. நம் படிப்பையும் அவர்கள் படிப்பையும் பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டு, எது குறைகிறது என்று மாநில அலுவலகம் ஒரு கடிதம் தரும். அந்தக் குறையை ஈடுகட்டப் பயிற்சிக்குப் போகலாம், அல்லது அறிவுத் தேர்வு எழுதலாம். தேர்வில் வாய்மொழிப் பகுதியும் உண்டு, உண்மையான நோயாளியை வைத்துச் செய்முறைப் பகுதியும் உண்டு. தோற்றால் ஒரே ஒரு மறுவாய்ப்புதான். இதை முடித்தால்தான் 2020இல் வந்த புதிய சட்டப்படி 'ஃப்ளேகஃபாக்ஃப்ராவ்', அதாவது முழுத் தகுதி பெற்ற நர்ஸ் என்ற பட்டம் கிடைக்கும், முழுச் சம்பளமும் வரும். பயிற்சியா தேர்வா என்று முடிவெடுக்கும் உரிமை நம்முடையது. பல ஏஜென்சிகள் இதைச் சொல்லாமல், தங்களுக்கு எது வசதியோ அதில் சேர்த்துவிடுகின்றன.

கையில் எவ்வளவு வரும் என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தில் இருப்பது மொத்தச் சம்பளம். அதில் வரி போகும். பென்ஷனுக்கு 18.6 சதவீதம், மருத்துவக் காப்பீட்டுக்கு 14.6 சதவீதமும் அதற்கு மேல் ஒரு கூடுதல் கட்டணமும் உண்டு. இவற்றில் பாதி நம்முடையது, பாதி முதலாளியுடையது. பராமரிப்புக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு தனி. வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் உண்டு. அதைக் கேட்டு வரும் கடிதம் மட்டும் எப்படியோ தவறாமல் வந்து சேர்ந்துவிடுகிறது.

வார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் உடைந்துபோவது குளிராலோ சாப்பாட்டாலோ இல்லை, வார்டில்தான். நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் எப்போதும் இருப்பார். உடம்பு துடைப்பது, ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவரும் ஆயாவும் பார்த்துக்கொள்வார்கள். இங்கே உறவினர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். எழுப்பி உட்கார வைப்பதிலிருந்து டயப்பர் மாற்றுவது வரை நர்ஸ் வேலை. அதே சமயம், நான் வருடக்கணக்கில் செய்துவந்த ரத்தம் எடுப்பது, ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போடுவது எல்லாம் எங்கள் வார்டில் டாக்டரின் வேலை. "இதுக்கா படிச்சேன்?" என்று பாத்ரூமில் நின்று அழுத பெண்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அனுப்புகிறவர்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் இதில் எனக்குப் பிடித்த ஒன்றும் உண்டு. நோயாளி தானாகச் செய்யக்கூடியதை நாம் செய்துவிடக் கூடாது என்பதில் இவர்கள் கண்டிப்பானவர்கள். எண்பது வயதுப் பாட்டிக்கு முகம் துடைக்கப் போனால், கூட நிற்கும் சீனியர் நம் கையை நிறுத்தி, துணியை நனைத்துப் பாட்டி கையில் கொடுக்கிறார். அந்த நடுங்கும் கை முகம் வரை போக ஐந்து நிமிடம் ஆகும். வெளியே மற்ற அறைகளில் மணி அடித்துக்கொண்டிருக்கும். நமக்குப் பொறுமை போகும். ஆனாலும் அந்தப் பாட்டி வீட்டுக்குப் போகும்போது தானாக முகம் கழுவிக்கொள்வார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன ஒருவர் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்ட அன்று வார்டே கைதட்டியது. நான் ஐசியூவில் பார்க்காத நர்சிங் இது.

மொழிக்கு வருகிறேன். ஜெர்மன் மொழித் தேர்வில் பி1-க்கு அடுத்த நிலையான பி2 சான்றிதழ் கையில் இருக்கும். பேசுவது பல்செட் கழற்றிய தொண்ணூறு வயதுத் தாத்தா, அதுவும் இந்த ரூர் பகுதிப் பேச்சில். போன் இன்னும் கஷ்டம், எதிரில் இருப்பவரின் வாயசைவுகூடத் தெரியாது. பேசுவதையாவது சமாளித்துவிடலாம், எழுதுவதுதான் பயம். ஒவ்வொரு ஷிஃப்ட் முடியும்போதும் என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்று கம்ப்யூட்டரில் ஜெர்மனில் எழுதியாக வேண்டும். எழுதாதது செய்யாததற்குச் சமம். தமிழ்நாட்டில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் தேர்வுத் தாளுக்குத் தயார் செய்கின்றன. அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவர் சொல்ல, நோயாளியின் மகளுக்குப் போனில் பதில் சொல்ல, நாலு வரி ரிப்போர்ட் எழுத ஒரு மாதம் பழக்கினால் போதும், இங்கே முதல் ஆறு மாதம் பாதி லேசாகிவிடும். அந்த ஆறு மாதம் பொதுவாகத் தகுதிகாண் காலம் என்பதையும் மறக்கக் கூடாது. அதற்குள் இரண்டு வார நோட்டீஸில் வேலையை விட்டு அனுப்பலாம்.

இந்தப் பயத்தில் காய்ச்சலோடு டியூட்டிக்கு வருகிறவர்கள் உண்டு. தேவையே இல்லை. வேலையில் சேர்ந்து நாலு வாரம் ஆகிவிட்டால், உடம்பு சரியில்லாதபோது ஆறு வாரம் வரை முதலாளி முழுச் சம்பளம் தர வேண்டும் என்பது இங்கே சட்டம். காலையிலேயே போன் செய்து சொல்லிவிட வேண்டும், மூன்று நாளைத் தாண்டினால் டாக்டர் சான்றும் வேண்டும், அவ்வளவுதான். காய்ச்சலோடு வந்து நின்றால் பாராட்ட மாட்டார்கள், திட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள்.

இனி ஒப்பந்தம். என்னோடு வந்தவர்களில் ஒருத்திக்கு வேலை பிடிக்கவில்லை, வேறு ஊரில் வேலையும் கிடைத்தது. அப்போதுதான் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் மொழிப் பயிற்சி, விமானக் கட்டணம், ஏஜென்சிக் கட்டணம் எல்லாவற்றையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருந்தது. பல ஆயிரம் யூரோ. அந்த ஒப்பந்தம் ஜெர்மனில் மட்டும் இருந்தது, கையெழுத்துப் போட்டபோது அவளுக்கு பி1 அளவுதான் மொழி தெரியும். இப்படிப்பட்ட நிபந்தனை எல்லாம் கோர்ட்டில் நிற்கும் என்றில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளிலிருந்து வரும் தொழிலாளர்களுக்கு 'ஃபேயர இன்டெக்ராட்சியோன்' என்ற ஆலோசனை மையங்கள் ஜெர்மனி முழுக்க இருக்கின்றன, காசு வாங்குவதில்லை. அவள் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அங்கேதான் போனாள். புறப்படும் முன்பே பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பதற்கென்றே ஜெர்மன் அரசு ஒரு தர முத்திரை வைத்திருக்கிறது, 'ஃபேயர அன்வெர்புங் ஃப்ளேக டாய்ச்லாண்ட்' என்று பெயர். செலவை நர்ஸ் தலையில் கட்டக் கூடாது, வேலை தருகிறவரே ஏற்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. உங்களிடம் லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்சியிடம் அந்த முத்திரை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறும்.

மற்றபடி பழகிவிடும். தனி வீடு எடுக்கும்போது சமையலறையே இல்லாத வீட்டைக் காட்டுவார்கள், முன்பிருந்தவர் மேடை, அடுப்பு, சிங்க் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். வந்ததும், நம்மால் பிறருக்கு நேரும் நஷ்டத்தை ஈடுகட்டும் சொந்தப் பொறுப்புக் காப்பீடு ஒன்று எடுத்துவிடுங்கள், மொத்தக் கட்டடத்துக்குமான சாவியைத் தொலைத்தால் பூட்டுகளை எல்லாம் மாற்றும் செலவு நம் தலையில் விழும். சாவி தொலைவதும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ஞாயிறு கடை இருக்காது. டிசம்பரில் காலை டியூட்டிக்கு இருட்டில் போய், ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் மறுபடி இருட்டு. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் திருப்புவார்கள், முந்தின சனிக்கிழமை நைட் டியூட்டி மாட்டினால் ஒரு மணி நேரம் கூடுதல். அது எனக்கு எப்படியோ மாட்டிவிடுகிறது.

தமிழ்ப் பேச்சு கேட்க வேண்டும் போலிருந்தால் ஹம் நகரத்துக்குப் போவேன். ஈழத் தமிழர்கள் கட்டி 2002இல் குடமுழுக்கு செய்த காமாட்சி அம்பாள் கோயில் அங்கே இருக்கிறது, கோபுரத்தோடு. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து ஆட்கள் வருவார்கள். கூட்டத்தில் ஒருவரிடம் வீடு தேடுகிறேன் என்று சொன்னால் போதும், மாலைக்குள் மூன்று போன் நம்பர் கிடைக்கும். அவர்கள் வந்தபோது ஏஜென்சி இல்லை, மொழி வகுப்பு இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் நம் பெண்கள் அவர்களோடு பழகத் தயங்குவது எனக்குப் புரியவே இல்லை.

உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் பத்திரிகையில் ஜெர்மனி வேலை விளம்பரம் கொடுக்கும் ஏஜென்சிகளிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். முதல் மூன்று மாதம் வீடு யார் பெயரில்? அறைக்கு எத்தனை பேர்? அங்கீகாரம் வரும் வரை மாதச் சம்பளம் எவ்வளவு? அறிவுத் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்றால் வீசா என்ன ஆகும்? விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், ஒப்பந்தம் தமிழிலோ ஆங்கிலத்திலோ கிடைக்குமா? பதில் சொன்னவர்களின் பதிலை அப்படியே போடுங்கள். சொல்லாதவர்களின் பெயருக்கு நேராக 'பதில் வரவில்லை' என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் நர்ஸ்,
டோர்ட்முண்ட் அருகிலிருந்து.
(வேலை செய்யும் இடம் கருதிப் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)