பாண்டி பஜாருக்கு ஒரு தவில் வேண்டும்

பெருநகர சென்னை மாநகராட்சிக்கும் பாண்டி பஜார் கடைக்காரர்களுக்கும்,

வணக்கம். போன சனிக்கிழமை சாயங்காலம் தி.நகரில் கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. மூன்று கடை ஏறி இறங்கியதில் கால் கடுத்துப்போய் பாண்டி பஜார் இருக்கும் தியாகராய சாலை நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு குழல்காரர், கம்பு நிறைய புல்லாங்குழலைச் செருகித் தோளில் சாய்த்துக்கொண்டு, ஏதோ பழைய சினிமாப் பாட்டின் பல்லவியை வாசித்தார். பல்லவி மட்டும்தான். சரணத்துக்குப் போவதற்குள் ஒரு குழந்தை வந்து நின்றுவிடும், விலை பேச வேண்டும். (அதே குழலை வாங்கி நாம் ஊதினால் வெறும் காற்றுதான் வரும், அது வேறு கதை.) ஆனால் அந்த அரை நிமிஷம், இரண்டு கையிலும் பை சுமந்து போன ஏழெட்டுப் பேர் சட்டென்று நின்று கேட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

2019 நவம்பரில் இந்தச் சாலையில் காருக்கு இடத்தைக் குறைத்து நடப்பவருக்குக் கொடுத்தீர்கள். 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாலம் வந்தது. நல்ல வேலை, மனசாரச் சொல்கிறேன். சரி, நடந்து வந்தாயிற்று, அப்புறம்? வாங்குகிறோம், பசிக்கிறது, ஓட்டலுக்குள் போய் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் எப்போது கை கழுவப் போவார் என்று அவர் இலையையே பார்க்கிறோம். அவருக்கும் தொண்டையில் இறங்காது, நமக்கும் மானம் போகும். பிறகு ஆட்டோ தேடுகிறோம்.

2017-ல் யுனெஸ்கோ சென்னையைப் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் இசைக்காகச் சேர்த்தது. கச்சேரி நடக்கிற வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும் இங்கிருந்து நடக்கிற தூரம்தான். பாட்டையும் சாப்பாட்டையும் சேர்த்து வைக்க இந்த ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மார்கழிக் கச்சேரியில் பாட்டு நின்று மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கினால் கேன்டீனுக்கு எழுந்து போகிற கூட்டம் நாம். ஆனால் அதெல்லாம் சுவருக்குள், ஒரு மாதத்துக்கு, பெரும்பாலும் ஒரே வகைப் பாட்டுக்கு. 2007-ல் தொடங்கி, நடுவில் நின்று, 2023 முதல் மறுபடி நடக்கிற சென்னை சங்கமம் கலைவிழா பறையையும் கரகத்தையும் பூங்காவுக்கும் மைதானத்துக்கும் கொண்டுவந்தது. அதுவும் பொங்கலையொட்டிச் சில நாள். நான் கேட்பது பெரிய மேடையோ சீரியல் லைட்டோ இல்லை. வாரம் இரண்டு சாயங்காலம், சாலையில் மூன்று நான்கு இடம், ஒவ்வொன்றிலும் பாடுகிறவரோ வாசிக்கிறவரோ உட்கார ஒரு ஜமுக்காளம் விரிக்கிற அளவு தரை. அவ்வளவுதான்.

ஆடி மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி என்று ஊரே இங்கேதான் இருக்கும், கால் வைக்க இடமிருக்காது. அதே ஆடியில் முகூர்த்தம் கிடையாது, நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் கல்யாண வரும்படி இல்லாத மாதம் அது. ஒரு பக்கம் கூட்டம், இன்னொரு பக்கம் வேலை இல்லாத வித்வான், நடுவில் இருப்பது ஒரு அனுமதிக் கடிதம். கடைக்காரர்களே, வாசல் ஸ்பீக்கரில் காலையிலிருந்து ஒரே குரல் “வாங்க வாங்க” என்று கத்துகிறதே, அதை நிறுத்திவிட்டு அந்தச் செலவோடு கொஞ்சம் சேர்த்துப் போட்டால் ஒரு நாதஸ்வர, தவில் செட்டுக்குச் சன்மானம் தேறும். அவர்களைத் துண்டு விரித்து உட்கார வைக்காதீர்கள், பேசிய பணத்தை முன்னாலேயே கையில் கொடுங்கள். நாதஸ்வரம் மட்டும் என்றில்லை, கானா பாடுகிறவர்கள், இசைக் கல்லூரிப் பிள்ளைகள், மின்சார ரயிலில் பாடிக்கொண்டே போகிற பார்வையற்றவர்கள், எல்லோருக்கும் முறை வைக்கலாம்.

சத்தம் என்பீர்கள். 2000-ஆம் வருஷத்து விதிப்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல். நான் ஒலிபெருக்கியே வேண்டாம் என்கிறேன். தவில் இருக்கிற இடத்தில் அது எதற்கு? அந்தத் தவிலே பக்கத்துத் தெரு வீடுகளுக்குக் கேட்கும், மறுக்கவில்லை. அதனால் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடித்துவிடலாம், தவில் உள்ள செட்டைக் குடியிருப்பு ஓரமாக வைக்காமல் சாலையின் நடுப்பகுதியில் வைக்கலாம்.

சாப்பாட்டுக்கும் அதேபோல் சின்ன ஏற்பாடு போதும். ஓட்டல்காரர்கள் தங்கள் சொந்த வாசலுக்குள், நடக்கிற வழியைத் தொடாமல், நின்றபடி தட்டு வைக்க ஒரு பலகை அடிக்கட்டும். காபியும் ஒரு தட்டு பஜ்ஜியும் வைக்க ஒரு முழம் அகலம் போதும். இதைச் சாக்காக வைத்து, சுண்டல் விற்கிறவரையும் பூக்காரம்மாவையும் அப்புறப்படுத்தினால் மட்டும் எனக்கு இந்த ஏற்பாடே வேண்டாம். பைக்குகளை நடைபாதையிலிருந்து இறக்கினாலே இவ்வளவுக்கும் இடம் வரும்.

ஒரு ஆடி மாதம் மட்டும் நடத்திப் பாருங்கள். வியாபாரம் படுத்தால் நிறுத்திவிடுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் முறைப் பட்டியல் போடும்போது அந்தக் குழல்காரரையும் தேடிப் பிடியுங்கள். அந்தப் பாட்டின் சரணம் எனக்கு இன்னும் ஞாபகத்துக்கு வரவில்லை.

இப்படிக்கு,
பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்