பயத்தோடேயே பஸ் ஏறு: தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கச்சிக்கு,

ஸ்தோத்திரம். நீ எழுதியதில் ஒரு வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். "இவ்வளவு வசனம் தெரிஞ்சும் பயம் போகலையே, எனக்கு விசுவாசமே இல்லையோ?" என்று கேட்டிருந்தாய்.

சங்கீதம் 56-ஐ எடு. மூன்றாம் வசனம்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போனதும் நம்புகிறேன் என்று அங்கே இல்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே வரியில் இருக்கின்றன. அந்தச் சங்கீதத்தின் தலைப்பையும் பார்: பெலிஸ்தர் தாவீதைக் காத்தூரில் பிடித்தபோது பாடியது. காத்தூர் யாருடைய ஊர்? கோலியாத்தின் ஊர். அவனைக் கவண்கல்லால் சாய்த்த அதே தாவீது, அவன் ஊருக்குள் வந்து ராஜாவுக்கு "மிகவும் பயப்பட்டு", பித்துப் பிடித்தவன்போல நடித்து, தாடியில் நுரை வழியவிட்டுத் தப்பினார் என்று 1 சாமுவேல் 21 சொல்கிறது. கோலியாத்தை வென்ற கதையை ஞாயிறு பள்ளியில் எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த நுரைக் கதையை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இனி உன் பஸ்ஸுக்கு வருவோம். மதுரை பெரியார் பஸ் நிலையத்தில் ஏறி, பழங்காநத்தம் வருவதற்குள் நெஞ்சு படபடத்து, விரல் மரத்து, "இப்ப செத்துருவேன்" என்று தோன்றி இறங்கிவிடுகிறாய். இப்போது திருநகருக்கு ஆட்டோவில் போய்வருகிறாய். வீட்டில் ஒருத்தர் விசுவாசக் குறைவு என்கிறார், இன்னொருத்தர் பொல்லாத ஆவி என்கிறார். இதுவரை யாரும் ஈசிஜி எடுக்கச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே முதல் வேலை அது. பெரியாஸ்பத்திரிக்குப் போ. ஈசிஜி எடு, ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். அதை ஆவி என்று எண்ணி உபவாசம் இருந்தால் உடம்புதான் இன்னும் கெடும். ரத்தசோகையிலும் படபடப்பு வரும். இவையெல்லாம் சரியாக இருந்தால், அங்கேயே மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொள். மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பிடு. இந்த வகை மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம்கூட ஆகும். முதல் வாரத்திலேயே "ஒண்ணும் கேக்கலை" என்று விடாதே. கொஞ்சம் தேறியதும் "ஆண்டவர் சுகம் தந்துட்டார்" என்று திடீரென நிறுத்தவும் கூடாது. தலைசுற்றும், பயம் பழையபடி திரும்பும். நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான்.

மாத்திரை எடுப்பது விசுவாசத்துக்கு விரோதம் என்று சொல்கிறவருக்கு ஒரு கேள்வி. "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்ற வசனம் யாருக்கு எழுதப்பட்டது? பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு. அதே தீமோத்தேயுவுக்கு, முந்தைய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், உன் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று பவுல் எழுதுகிறார். அந்தக் காலத்துக்கு அது மருந்து. "ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்" என்று மட்டும் எழுதி அவர் விட்டுவிடவில்லை. அந்த முதல் வசனத்தையும் முழுதாகப் படி: பலமும் அன்பும் "தெளிந்த புத்தியும்". டாக்டரிடம் போவது தெளிந்த புத்தியில் சேர்ந்ததுதான்.

எலியா தீர்க்கதரிசியையும் பார். 1 இராஜாக்கள் 19. கொல்லுவேன் என்று மிரட்டிய ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்கிறார். தூதன் வந்து கண்டிக்கவில்லை, வசனமும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. ஆண்டவர் பேசியது அதற்கெல்லாம் அப்புறம், ஓரேப் மலையில். உனக்கு இதில் இருக்கும் புத்திமதி: இந்த இரண்டு மூன்று மாதத்துக்கு உபவாச ஜெபம் வேண்டாம். வெறும் வயிற்றில் வரும் நடுக்கமும் பயத்தின் நடுக்கமும் உன் உடம்புக்கு ஒன்றுபோலவே தெரியும். கடையில் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆறு டீ குடிக்கிறாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை இரண்டாகக் குறை, சாயங்காலம் நாலு மணிக்குமேல் வேண்டாம்.

இப்போது பஸ்ஸில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பயந்ததும் நீ அறியாமலே வேகவேகமாக மூச்சு வாங்குகிறாய். அதில் உடம்பிலுள்ள கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. விரல் மரத்துப்போவது, உதட்டைச் சுற்றி ஊறுவது, தலை கிறுகிறுப்பது எல்லாம் அதனால்தான். அதைப் பார்த்து "ஏதோ ஆகப்போகுது" என்று இன்னும் பயந்து, இன்னும் வேகமாக மூச்சு வாங்குகிறாய். இந்தப் பயம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு தானாக இறங்கும். நீ இறங்குவது உச்சிக்குச் சற்று முன்னால். அதனால் அது தானாக இறங்குவதை உன் உடம்பு ஒருநாளும் பார்த்ததே இல்லை. "பஸ்ஸைவிட்டு இறங்கியதால் பிழைத்தேன்" என்றுதான் அது கற்றுக்கொண்டிருக்கிறது.

ஆகவே செய்யவேண்டியது இது. இரண்டு பாதத்தையும் தரையில் நன்றாக ஊன்று. மூச்சை முதலில் வெளியே விடு; பயத்தில் எல்லாரும் உள்ளே இழுக்கத்தான் பார்ப்பார்கள், நெஞ்சு ஏற்கெனவே நிறைந்திருப்பதால் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். பிறகு மூக்கு வழியாக நாலு எண்ணும் நேரம் உள்ளே, ஆறு எண்ணும் நேரம் வெளியே. எண்ணுவதற்குப் பதிலாக அந்த வசனத்தையே வைத்துக்கொள். உள்ளே போகும்போது மனசுக்குள் "நான் பயப்படுகிற நாளில்". வெளியே வரும்போது "உம்மை நம்புவேன்". பின்பாதி சின்னது, ஆனால் அதற்குத்தான் அதிக நேரம் வேண்டும், "நம்பு...வேன்" என்று இழுத்துக்கொள். ஐந்து நிமிடம் போதும். இதை முதல்முறையாகப் பஸ்ஸில் செய்து பார்க்காதே. தினம் காலையும் இரவும் வீட்டில், பயமில்லாத நேரத்தில், ஒரு வாரம் பழகு. நெருப்புப் பிடித்தபிறகு கிணறு வெட்ட முடியாது.

இதில் பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. வசனம் சொல்வார்கள், உடனே "பயம் போச்சா?" என்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். போயிருக்காது. இன்னொரு வசனம். மறுபடி எட்டிப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் வசனம் மந்திரமாகிவிடும், பலிக்காத மந்திரம் பயத்தைக் கூட்டிவிடும். நீ "பயத்தை எடுத்துப்போடும்" என்று மட்டும் கேட்காதே. "இந்த பஸ்ஸில் என்னோடு இரும், பசுமலை வரை உட்கார பெலன் தாரும்" என்று கேள். சங்கீதம் 23-ல் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் மூன்று வசனத்தில் "அவர் என்னை மேய்த்து", "அவர் என் ஆத்துமாவைத் தேற்றி" என்று ஆண்டவரைப் பற்றிப் பேச்சு. மரண இருளின் பள்ளத்தாக்கு வரும் நாலாம் வசனத்தில் பேச்சு அப்படியே திரும்புகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." இருட்டுக்குள் வந்ததும் அவரைப் பற்றிப் பேசுவது நின்று, அவரோடு பேசுவது தொடங்குகிறது. பள்ளத்தாக்கு அங்கேயேதான் இருக்கிறது.

வாசலில் சங்கீதம் 91 ஸ்டிக்கர் ஒட்டியும் இப்படி ஆகிறதே என்று அம்மா கேட்டார்களாம். ஒட்டியிருப்பதில் தப்பில்லை. ஆனால் மத்தேயு 4-ல் அந்தச் சங்கீதத்தை எடுத்துச் சொல்கிறவன் பிசாசு: தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று. இயேசு குதிக்கவில்லை. அந்த வசனங்களை உத்தரவாதச் சீட்டாக நீட்டுவதை அவரே மறுத்துவிட்டார். இதோடு இன்னொன்று: "பயப்படாதே" என்ற சொல் நாளுக்கு ஒன்றாக வேதத்தில் 365 முறை வருகிறது என்று உனக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். உட்கார்ந்து எண்ணினால் அந்தக் கணக்கு வராது. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையையும் உத்தரவாதச் சீட்டாகப் பார்க்காதே. அட்டையில் ஒரு வரிதான் இருக்கும், அந்த அதிகாரம் முழுவதையும் படி.

1 யோவான் 4-ல் வரும் "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்பதை உன்மேல் எறிந்தார்களே, அதற்கும் முந்தின வசனத்தில் நியாயத்தீர்ப்பு நாள் என்று இருக்கிறது. ஆண்டவர் தண்டித்துவிடுவாரோ என்ற பயத்தைப் பற்றியது அது. டவுன் பஸ் நெரிசலைப் பற்றியதல்ல.

பிலிப்பியர் 4-ல் தேவசமாதானம் இருதயத்தைக் "காத்துக்கொள்ளும்" என்று வருகிறதே, மூலமொழியில் அது கோட்டையைப் படை காவல் காக்கும் சொல். நீ தினம் கடந்துபோகும் விளக்குத்தூண், மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. அந்தச் சுவர் இருந்த காலத்தை நினைத்துக்கொள். காவல் போட்டிருக்கிறது என்றால் வெளியே எதிரி இருக்கிறான் என்றுதான் பொருள். பவுலும் அதைச் சிறையில் விலங்கோடு இருந்துதான் எழுதினார்.

ராத்திரி மூணு மணி விழிப்புக்கு வேறு வழி. படுத்தபடியே ஜெபித்தால் ஜெபம் கவலையாகத் திரும்பிவிடும். அதனால் அதைச் சாயங்காலத்துக்கு நகர்த்து. ஏழு மணிக்கு, ஒரு கோடு போட்ட நோட்டில், பதினைந்து நிமிடம். அதற்கு மாதிரி சங்கீதம் 13: ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நாலு தடவை முறையீடு. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் நம்பிக்கை. நீயும் அதே வரிசையில் எழுது. முறையீட்டில் மரியாதை பார்க்காதே; "ஏன் என்னை மட்டும்" என்று தோன்றினால் அதையே எழுது. விண்ணப்பம் நாளைக்கு ஒரு காரியத்துக்கு மட்டும். நம்ம சபைகளில் பலரும் நேரே ஆறாம் வசனத்துக்குத் தாவி "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள்; சொல்லாமல் விட்டது ராத்திரி மூணு மணிக்கு வந்து கதவைத் தட்டும். நம்பிக்கை வரி ஒருநாள் வரவில்லையென்றால் வெறுமையாக விடு. சங்கீதம் 88 ஒரு நன்றிச்சொல்லும் இல்லாமல்தான் முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். மூணு மணிக்கு விழித்தால் "அது நோட்டில் இருக்கு ஆண்டவரே" என்று சொல், மூச்சு வசனத்தைத் தொடங்கு. இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார். போனை மட்டும் எடுக்காதே.

ஒன்றையே திரும்பத் திரும்ப ஜெபிக்கிறேனே என்று வெட்கப்படாதே. கெத்செமனேயில் இயேசு மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே" சொன்னார். மாற்கு அங்கே எழுதுவது, அவர் திகிலடையவும் மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார் என்று. கீழவாசல் பெரிய கோயில் வியாகுல அன்னை மரியாளின் பெயரில் நிற்கிறது. அந்த வியாகுலம் என்ற சொல்லைத்தான் மகனுக்கும் எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று, அவர் தனியே போகவில்லை. மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய் விழித்திருங்கள் என்று கேட்டார். தூங்கிவிட்டார்கள் என்பது வேறு. நீயும் ஒருத்தரைப் பிடி. சபை முழுக்க வேண்டாம். நம்பகமான ஒரு அக்கா போதும். ஏறும்போது "ஏறிட்டேன்" என்று ஒரு செய்தி, இறங்கியதும் "இறங்கிட்டேன்". நடுவில் அவர் உனக்காக ஜெபிக்கட்டும். போன் போட்டு ஆறுதல் சொல்ல வேண்டாம், அப்புறம் அவர் இல்லாமல் நீ பஸ்ஸே ஏறமாட்டாய். உன் பயத்துக்குக் காணிக்கை கேட்கிறவரிடமும், மாத்திரையைத் தூக்கிப்போடச் சொல்கிறவரிடமும் போகாதே. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் நோட்டோடு நிறுத்தாதே: அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடு. ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

யோசுவா 3-ல் யோர்தான் கரைபுரண்டு ஓடுகிறது. ஆசாரியர்களின் கால் தண்ணீரின் ஓரத்தில் பட்டபிறகுதான் தண்ணீர் நின்றது. அதனால் நீ கால் வைக்கவேண்டிய இடத்தைச் சொல்கிறேன். ஈசிஜி முடிந்து, மூச்சு ஒரு வாரம் பழகிய பிறகு, கூட்டமில்லாத பதினோரு மணி வாக்கில் திருநகரில் ஏறி பசுமலையில் இறங்கு. எதிர்ப்பக்கம் நின்று அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடு. வாரத்தில் நாலு நாள் இதே தூரம். ஏறும்போது பயம் பத்துக்கு எத்தனை, இறங்கும்போது எத்தனை என்று நோட்டில் எழுது. பத்துக்கு நாலுக்குக் கீழே வந்ததும் பழங்காநத்தம் வரை. பிறகு பெரியார். கடைசியாகத்தான் காலை ஒன்பது மணிக் கூட்டம். ஒருநாள் முடியாமல் நடுவில் இறங்கிவிட்டால் ஆட்டோ பிடிக்காதே. அதே நிறுத்தத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து, அடுத்த பஸ்ஸில் ஏறு. ஜன்னலோர இடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகவும் வேண்டாம். பையில் இருக்கட்டும்.

முதல் நாள் எண்ணை எனக்கும் எழுது. ஒன்பது என்று இருந்தாலும் எழுது.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
அக்கா