1982க்கு மேலே பத்து வரிகள்

என்சிஏஏ நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகள் உங்கள் கையில் இருக்கின்றன. நானோ தூரத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டு, பழைய ஸ்கோர்களைத் தோண்டிப் படிக்கும் ஆள். மிசிசிப்பியில் கிளீவ்லாண்ட் என்ற சிறிய ஊரில் உள்ள டெல்டா ஸ்டேட் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்காகத்தான் இந்த மடல்.

உங்கள் பட்டியலில் அந்த அணிக்கு மூன்று பட்டங்கள் உண்டு: 1989, 1990, 1992. மூன்றும் சிறிய கல்லூரிகள் ஆடும் இரண்டாம் பிரிவில். இதை மட்டும் பார்ப்பவர், 'சின்னக் கல்லூரிதான், பரவாயில்லையே' என்று நகர்ந்துவிடுவார். அதே அணி 1975, 1976, 1977 என்று வரிசையாக மூன்று முறை, பெரிய கல்லூரிகளையெல்லாம் தாண்டி தேசியப் பட்டம் வென்றது அதில் வராது. காரணம், அந்தப் போட்டிகளை நடத்தியது பெண்களின் கல்லூரி விளையாட்டுக்கென்றே 1971இல் தொடங்கப்பட்ட ஏஐஏடபிள்யூ என்ற சங்கம். உங்களுடைய பெண்கள் போட்டி 1982இல்தான் தொடங்கியது.

அந்த அணியின் கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தாலும் சொல்கிறேன். 1930களின் தொடக்கத்தில் மார்கரெட் வேட் அங்கே மாணவி, அணியில் ஆட்டக்காரர். இவ்வளவு ஓட்டம் பெண்களின் உடம்புக்கு ஆகாது என்று நிர்வாகம் அணியையே கலைத்துவிட்டது. பெண்கள் அழுதார்கள், சீருடைகளைக் கொளுத்தினார்கள். அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது. வேட் பிறகு அதே ஊர் உயர்நிலைப் பள்ளியில் 19 ஆண்டுகள் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1973இல் பல்கலைக்கழகத்துக்கு மறுபடியும் அணி வேண்டும் என்று தோன்றியபோது, பயிற்சியாளராகக் கூப்பிட்டது அவரைத்தான். அப்போது அவருக்கு 60 வயது. மற்றவர்கள் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வயதில், இரண்டாவது பருவத்திலேயே 28 ஆட்டம் ஆடி 28லும் ஜெயித்தார். இறுதிப் போட்டியில் தோற்றது யார் தெரியுமா? அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் பட்டத்தை வைத்திருந்த இம்மாகுலாட்டா கல்லூரி. 90-81. அடுத்த ஆண்டும் இறுதியில் அதே இம்மாகுலாட்டாதான் எதிரே, 69-64. மூன்றாவது பட்டம் எல்எஸ்யூவை (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) தோற்கடித்து. இடையில் தொடர்ந்து 51 வெற்றிகள்.

நடுவில் நின்று ஆடியவர் லூசியா ஹாரிஸ். ஆறடி மூன்று அங்குலம். மின்டர் சிட்டியில் பிறந்தவர், அணியில் இருந்த ஒரே கறுப்பினப் பெண். கல்லூரிக் காலத்தில் 2,981 புள்ளிகள், 1,662 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). 1976 மான்ட்ரியலில் பெண்கள் கூடைப்பந்து முதல்முறையாக ஒலிம்பிக்கில் வந்தபோது, முதல் கூடையைப் போட்டது இவர் கைதான். மறு ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற தொழில்முறை ஆண்கள் அணி இவரைத் தேர்வு செய்தது, இவர் போகவில்லை. 2022 ஜனவரியில் காலமானார்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். 1976இல் டெல்டா ஸ்டேட் இரண்டாவது பட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்த அதே பருவத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நீதிமன்றத்தில். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் பிரிவுச் சட்டத்தின் விதிகள் கல்லூரி விளையாட்டுக்குப் பொருந்தக் கூடாது என்று அரசின் மீது வழக்குப் போட்டிருந்தீர்கள். சில ஆண்டுகள் கழித்துப் பெண்கள் போட்டியை நீங்களே தொடங்கியபோது, ஏஐஏடபிள்யூ தாக்குப்பிடிக்க முடியாமல் மூடிவிட்டது. கடையை எடுத்துக்கொண்டவர், பழைய கணக்குப் புத்தகத்தை மட்டும் எனக்கு வேண்டாம் என்றால் எப்படி?

"அது நாங்கள் நடத்திய போட்டி இல்லையே" என்பீர்கள். சரி, நியாயம்தான். ஆனால் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் பாட் சம்மிட் 1974இல் பயிற்சியாளர் ஆனவர். அவருக்கு நீங்கள் எழுதிவைத்திருக்கும் 1,098 வெற்றிகளில் ஏஐஏடபிள்யூ காலத்து வெற்றிகளும் சேர்த்திதான். 2024 பிப்ரவரியில் அயோவா பல்கலைக்கழக ஆட்டக்காரர் கெயிட்லின் கிளார்க் 3,527 புள்ளிகளைத் தாண்டியபோது, பெண்கள் போட்டியில் அதிகப் புள்ளிகளுக்கான என்சிஏஏ சாதனை முறிந்தது என்று அறிவித்தார்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் லினெட் வுடார்ட் ஏஐஏடபிள்யூ காலத்தில் ஆடி, 1981லேயே 3,649 புள்ளிகளோடு முடித்தவர். பயிற்சியாளர் ஜெயித்ததைச் சேர்ப்பீர்கள், அந்த ஆட்டங்களில் கூடை போட்டவர்களை மட்டும் வெளியே நிறுத்துவீர்களா?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. முதல் பிரிவுச் சாம்பியன் பட்டியலில் 1982க்கு மேலே பத்து வரிகள் சேருங்கள். இம்மாகுலாட்டா மூன்று, டெல்டா ஸ்டேட் மூன்று, யூசிஎல்ஏ ஒன்று, ஓல்ட் டொமினியன் இரண்டு, லூசியானா டெக் ஒன்று. பக்கத்தில் ஏஐஏடபிள்யூ என்று குறித்துவிடுங்கள், யாரும் குழம்ப மாட்டார்கள். 1982இல் மட்டும் ஒரு சிக்கல் வரும். உங்கள் போட்டியில் லூசியானா டெக் ஜெயித்தது, ஏஐஏடபிள்யூவின் கடைசிப் போட்டியில் ரட்கர்ஸ் ஜெயித்தது. ஒரே ஆண்டுக்கு இரண்டு பெயர்கள். வரட்டுமே, அந்த ஆண்டு நடந்தது அதுதானே.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்து ரசிகை