இசக்கிக்கு, சயானிலிருந்து

சயான், மும்பை

அன்புள்ள இசக்கி,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, போனையும் எடுக்கவில்லை. கோபமாகத்தான் இருப்பாய். உன் வீட்டில் தங்கச்சி, பேரப்பிள்ளைகள் எல்லாம் சுகம்தானே?

ஜனவரியில் எனக்கு ஹார்ட் அட்டாக் வந்து, அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பி வலைக் குழாய் வைத்தார்கள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். கேள்விப்பட்டால் அன்றைக்கே ரயில் ஏறிவிடுவாய், உன் கால் இருக்கிற இருப்புக்கு. மன்னித்துக்கொள்.

ஆஸ்பத்திரியைவிட வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். மூன்று மாடி இறங்கப் பயம். லேசாக மூச்சு வாங்கினாலும் கை நெஞ்சுக்குப் போய்விடும். மகன் ஒரு தண்ணீர்க் குடத்தைத் தொட விடமாட்டான். கிடந்து கிடந்து தொடை சூம்பிப்போனது. ஏப்ரலில் டாக்டர் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். எக்சர்சைஸ் ஃபிசியாலஜிஸ்ட் என்று பெயர். ஜிம் மாஸ்டர் மாதிரி இல்லை. நம் நோய், மாத்திரை, ரிப்போர்ட் எல்லாவற்றையும் பார்த்து, இந்த உடம்பு எவ்வளவு தாங்கும், எத்தனை நிமிடம் போதும் என்று அளந்து கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் படித்த பிள்ளை. அங்கே டாக்டர் சீட்டு எழுதினால் சுகர், இதய நோய்க்காரர்கள் இவர்களிடம் போகலாம், செலவில் ஒரு பங்கை அரசாங்கத்தின் மெடிகேர் காப்பீடு கொடுக்கிறதாம். இங்கே இந்த வேலையைப் பெரும்பாலும் பிசியோதெரபிஸ்ட்கள்தான் பார்க்கிறார்கள்.

முதல் நாள் ஒரு நீள வராந்தா. 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆரஞ்சுக் கூம்பு. "ஆறு நிமிடம் முடிந்தவரை நடங்க அங்கிள், வேண்டுமென்றால் நின்றுக்கலாம்" என்றாள். இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டேன். 280 மீட்டர். இசக்கி, கூட்டம் நெரியும் பஸ்ஸில் நாள் முழுக்க நின்றவன் நான். அந்த எண்ணைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

நாடி பிடித்து வேகத்தை முடிவு செய்வாள் என்று நினைத்தேன். நான் சாப்பிடுகிற பீட்டா பிளாக்கர் மாத்திரை இதயத் துடிப்பை ஏறவிடாதாம், அதனால் நாடிக் கணக்கு மட்டும் போதாது என்றாள். பேச்சை வைத்துப் பார்த்தாள். நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகமாம். நான் பஸ் கண்டக்டராக இருந்தவன் என்று தெரிந்ததும் ஸ்டாப் பெயர்களைச் சொல்லச் சொன்னாள். சயான், கிங்ஸ் சர்க்கிள், தாதர் டிடி, பரேல், லால்பாக், பைகுல்லா. ஒரே மூச்சில் சொன்னால் கொஞ்சம் எட்டிப் போடலாம், பரேலில் மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறேன்.

அவள் இன்னொன்று சொன்னாள், கேள். 1953-ல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர், டபுள் டெக்கர் பஸ் ஆட்களை ஆராய்ந்து எழுதினார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. அந்த மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார். நம் டபுள் டெக்கரில் மேலுக்கு ஒருவர், கீழுக்கு ஒருவர் என்று இரண்டு கண்டக்டர்கள், ஆனாலும் நிற்காத வேலைதானே. ரிடையர் ஆன பிறகு எட்டு வருடம் நாற்காலியும் பீடியுமாக இருந்தேன். அதை நினைத்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

பன்னிரண்டு வாரம் போனேன். நடை, ரப்பர் பட்டை இழுப்பது, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. பட்டையை இழுக்கும்போது மூச்சை அடக்கினால் அதட்டுவாள், பிரஷர் எகிறுமாம். நடையைச் சட்டென்று நிறுத்தவும் விடமாட்டாள், ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும். கடைசி நாள் அதே வராந்தாவில் 410 மீட்டர், சுவரைத் தொடவில்லை. இப்போது மூன்று மாடியும் என் காலால்தான்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே உனக்காகத்தான். உன் சுகர் 300-ஐத் தொட்டதாக உன் தங்கை மகன் சொன்னான். நீ வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்ணையிலேயே இருக்கிறாயாம். "அறுபது வருஷம் உழைச்ச உடம்பு" என்கிறாயாம். எலே, உழைத்ததை உடம்பு சேர்த்து வைத்துக்கொள்ளாது. தசை வேலை செய்யும்போது இன்சுலின் கூப்பிடாமலே ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தாலே குறையும்.

ஆனால் நாளைக்கே கிளம்பிவிடாதே. 300 இருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யாதே. சில சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு நடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும், மடியில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். வரப்பில் வெறுங்காலோடு போகிறதை இன்றோடு விடு. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தினதே தெரியாது. ராத்திரி பாதத்தைத் தங்கச்சி டார்ச் அடித்துப் பார்க்கட்டும்.

புரட்டாசியில் வருகிறேன். குளத்துக் கரையில் சேர்ந்து நடப்போம், நீ ஸ்டாப் பெயருக்குப் பதில் நம் வகுப்புப் பையன்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வா. அதற்கு முன்னால் உன் மாத்திரைச் சீட்டை மருமகனிடம் கொடுத்து எனக்குப் போட்டோ அனுப்பச் சொல். திங்கட்கிழமை அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போகிறேன், கையோடு காட்டிக் கேட்டுவிடுகிறேன்.

உன்,
முத்தையா